நல்லபிள்ளைக் குப்பி

"நல்லபிள்ளை பத்திக்கிச்சு" என்று கண்ணாடி அண்ணன் சொன்னபோது நான் முதலில் அவரைத்தான் திட்டினேன். சோதனைத் தட்டில் குழியை மாற்றி ஊற்றியிருப்பீர்கள், பழைய தட்டை எடுத்திருப்பீர்கள், பேச்சு சுவாரசியத்தில் கை எங்கேயோ போயிருக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்ததே அவர்தான். காரம் அவருக்குப் பழகிவிட்டது.

எங்கள் பாஷையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யார் வீட்டுக் குழந்தைக்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். நாங்கள் செய்வது ஒளிரும் மூலக்கூறு ஒன்று. அதன் வாயில் ஒரு மூடியைப் போட்டு வைத்திருக்கிறோம். மூடி இருக்கும்வரை அது இருட்டு. சர்க்கரை நோய் சிறுநீரகத்தில் கைவைக்கத் தொடங்கியதும், அடிபட்ட செல்களிலிருந்து ஒரு நொதி சிறுநீரில் கசிகிறது. அந்த நொதி வந்து எங்கள் மூடியை வெட்டினால் மூலக்கூறு சிவப்பாக ஒளிரும். ஆஸ்பத்திரியில் வழக்கமாகப் பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவை வாயைத் திறப்பதற்குள் பல பேருக்குக் காரியம் கைமீறிப் போயிருக்கும். எங்களுடையது வெகு முன்னாலேயே சொல்லிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

கட்டுரைகளில் அதற்கு ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. எங்களுக்குள் அது வெறும் 'திரி'. நோயாளிகளின் சிறுநீரில் திரி பற்ற வேண்டும். நோயில்லாதவர்களின் சிறுநீரில் பற்றவே கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அந்த நோயில்லாத குப்பிகளைத்தான் நல்லபிள்ளை என்போம். நல்லபிள்ளை சத்தம் போடாமல் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

குப்பிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். ஊற்றிப் பார்ப்பது கண்ணாடி அண்ணன். எந்த எண் யாருடையது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பார்ப்பவருக்கு ஆள் தெரிந்தால் கண் ஏமாற்றும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் அவர் எண்ணைப் படித்துக் காட்டியபோது அவருக்கு அது வெறும் எண். எனக்கு அது என் தம்பி.

நல்லபிள்ளைகளுக்குப் பஞ்சம் வந்தபோது அவனைப் பிடித்திருந்தேன். "ஊர்ல அக்காமாருங்க தம்பிகிட்ட புடவை கேப்பாங்க, நீ என்ன கேக்கறே பாரு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனான். அவனைவிடத் துருவித் துருவிப் பார்க்கப்பட்ட ஆள் கிடைக்க மாட்டான் என்று எனக்கு நிம்மதி. ஏனென்றால் அவன் எங்கள் பெரியக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போகிறவன். ஆஸ்பத்திரியில் அவனைத் தலைகீழாகப் பிடித்து உதறாத குறை. சர்க்கரை இல்லை, சிறுநீரில் புரதம் ஒழுகவில்லை, கிட்னி இரண்டும் கல்லு மாதிரி இருக்கிறது என்றார்கள். கிட்னி விஷயத்தில் கல் என்று சொல்லாதீர்கள் டாக்டர் என்று நான்தான் சொல்லிச் சிரித்தேன். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. குப்பி பற்றிக்கொண்டது திங்கட்கிழமை.

பெரியக்காவுக்கு இளம் வயதிலேயே சர்க்கரை. இரண்டு கிட்னியும் கைவிட்டு, டயாலிசிஸ் நாற்காலிதான் இப்போது அவளுக்குப் பாதி வீடு. கையில் ஊசி குத்த இடம் கிடைக்காமல் நர்ஸ்கள் தடவித் தடவித் தேடுவார்கள். இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று டாக்டர் எங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். முகம் தெரியாத யாராவது ஒருவரின் கிட்னிக்குக் காத்திருக்கும் வரிசை நீளமோ நீளம். என் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இதய நோயாளி. தம்பியை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

அதனால் என் நிலைமையைப் பாருங்கள். திரி சொல்வது பொய் என்றால் என் இத்தனை வருஷத்து உழைப்பு குப்பைக் கூடைக்கு. ஆனால் அக்கா பிழைப்பாள். திரி சொல்வது நிஜம் என்றால் நான் ஜெயித்தேன்; தம்பியின் கிட்னி இப்போதே அரிக்கப்படுகிறது, அக்காவுக்கு ஒன்றும் கிடையாது. என் திரி பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

பேராசிரியர் வந்தார். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எவனோ வைட்டமின் மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்" என்றார். சில வைட்டமின் மாத்திரைகள் போட்டால் சிறுநீரே விளக்கொளியில் தானாக மினுங்கும்; வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அதில் ஏமாந்திருப்பார்கள். "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற நல்லபிள்ளையை வைங்க."

எனக்கு உயிர் வந்தது. பெரியவரின் காலில் விழலாம் போலிருந்தது. நான் குப்பியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அதையும் பாத்துட்டேன் சார்" என்றார் கண்ணாடி அண்ணன். "திரி ஊத்தாம வெறுமனே வெச்சுப் பாத்தேன். இருட்டாத்தான் இருக்கு. திரி ஊத்தினா மட்டும்தான் பத்துது. அதுவும் வைட்டமின்னா பச்சையா மினுங்கும், இது நம்ம சிவப்பு."

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அவர் கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்கலாமா என்று இருந்தது.

பெரியவர் தாடையைச் சொறிந்தார். "யாரோடது?"

"சொல்லக் கூடாது சார். நீங்க போட்ட சட்டம்தான்" என்றேன்.

"சரிதான். யாரா இருந்தாலும் அவங்க காதுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. இது இன்னும் ஆராய்ச்சி, வைத்தியம் இல்ல. இதை நம்பி ஒருத்தரைப் பாத்து உனக்கு வியாதின்னு சொல்லி, அப்புறம் அது தப்புன்னு ஆனா? நாமெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மதியமே தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சந்தின் ஓரத்தில் பயிற்சிக் கார் நின்றது. கற்றுக்கொள்ள வந்த பெண் முகமெல்லாம் வியர்வையாக இறங்கிப் போனாள். நான் அவள் இடத்தில் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தம்பி பக்கத்து இருக்கையில் இருந்தான். மாணவர்கள் தடுமாறினால் வண்டியை நிறுத்த அவன் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு.

"என்ன சின்னக்கா, வண்டி ஓட்டக் கத்துக்கப் போறியா? ரோட்டுல போறவங்களை நெனச்சுப் பாரு."

"விளையாடாதே. அன்னிக்கு எனக்கு யூரின் குடுத்தியே. அதுக்கு முன்னாடி வைட்டமின் மாத்திரை ஏதாவது போட்டியா?"

கண்ணாடி அண்ணன் சொன்னதற்கு அப்புறம் இந்தக் கேள்விக்கே அர்த்தம் கிடையாது. இருந்தும் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து நாங்கள் இரண்டு அக்காக்களும் என்ன பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் அவன்.

"போட்டேனே" என்றான்.

"எது?"

"அதான், எல்லாரும் போடுவாங்களே, அது."

"போட்டதும் யூரின் என்ன கலர்ல போச்சு?"

"எப்பவும் போற கலர்தான்."

அந்த மாத்திரையைப் போட்டால் சாயம் கரைத்த மாதிரி மஞ்சளாகப் போகும். ஒரு தடவை போட்டவர்கள்கூட மறக்க மாட்டார்கள்.

"ஏண்டா பொய் சொல்றே?"

"நீதான் ஆமான்னு சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினே. சொன்னேன். என்ன ஆச்சு இப்போ?"

சொன்னேன். பெரியவர் சட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரி, மூடி, நொதி, சிவப்பு. உன் கிட்னியில் பாதிப்பு ஆரம்பித்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எங்களுக்கு இன்னும் உறுதியில்லை என்றேன். ஒருவனிடம் இப்படிச் சொன்னால் அவன் பதற வேண்டும், இல்லை என்னையாவது திட்ட வேண்டும். இவன் இரண்டையும் செய்யவில்லை. நின்றுகொண்டிருந்த வண்டியில் அவன் கால் மட்டும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கிட்னியைப் பத்தித் தெரியாது."

"பின்னே எதைப் பத்தித் தெரியும்?"

அவன் காலை எடுத்தான். "சுகர் இருக்குன்னு தெரியும். டிரைவர்களுக்குச் செக்கப் பண்ணுவாங்கல்ல, அதுல சொன்னாங்க. அப்போ நான் பெருசா எடுத்துக்கல. ஏற்கெனவே வீட்டுல ஒரு சுகர் போதும், இன்னொண்ணு எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க, உன் ரத்தமும் சேரலன்னாங்க. அன்னிக்கே சாப்பாட்டைப் பாதியாக்கினேன். மாத்திரை வாங்கிப் போட்டேன். காலையில ஓடினேன். சுகர் இறங்கிடுச்சு. மாத்திரையையும் நிறுத்திட்டேன். அதுக்கு அப்புறம்தான் டெஸ்டுக்கே போனேன். எல்லாத்துலயும் பாஸ்."

அவன் இளைத்ததை நாங்கள் எல்லாரும் எப்படிக் கொண்டாடினோம் தெரியுமா? தொந்தி கரைந்துவிட்டது, அக்காவுக்காக உடம்பைத் தேற்றுகிறான், எங்கள் வீட்டு நல்லபிள்ளை என்று நான் ஆய்வுக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பைத்தியமாடா உனக்கு? சுகர் இருக்கிறவன் ஒரு கிட்னியைக் குடுத்துட்டு, மிச்சம் இருக்கிற ஒண்ணும் கெட்டா என்ன பண்ணுவே? அக்கா உக்காந்த நாற்காலியில நீயும் போய் உக்காருவியா?"

"உன் திரி இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சரியாச் சொல்லியிருக்கு?"

"இன்னும் நெறையப் பேருக்குப் பாக்கணும்."

"அப்போ உனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நீ ஒருத்திதான் இல்லங்கறே, அதுவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாங்கறே." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "நீ வாயைத் திறந்தா அக்காவுக்கு வேற வழி கிடையாது. அவளைக் கொன்னது நீன்னுதான் நான் சாகற வரைக்கும் நெனைப்பேன், சின்னக்கா. இறங்கு, அடுத்த ஆள் வந்தாச்சு."

அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன் என்பதுதான் நினைவிருக்கிறது, என்ன செய்தேன் என்பது நினைவில்லை. சொல்லலாம் என்று ஃபோனை எடுப்பேன். அக்கா முகம் வரும், வைத்துவிடுவேன். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்வேன். தம்பி அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பது கண்ணில் வரும், மறுபடி ஃபோனை எடுப்பேன். எதற்கும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் என்று பெயரெடுத்த நான், அன்றைக்கு ஒரு வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டே திரிந்தேன்.

புதன்கிழமை காலை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாகப் பேசும் பேச்சு. சின்ன அறை, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அவளுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான். மறுபடியும் ஒரு தடவை கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் டாக்டர். நிதானமான அம்மா, குரலில் அவசரமே இருக்காது. "உங்களுக்கு எப்பவாவது சுகர்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல டாக்டர்."

"அக்காவுக்கு இருக்கு, நாளைக்கு உங்களுக்கும் வரலாம். வந்தா ஒத்தைக் கிட்னியை வெச்சுக்கிட்டு சமாளிக்கணும். அது புரியுதா?"

"புரியுது டாக்டர்."

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல அவ்வளவு சுத்தமாகச் சொன்னான். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போகத் தலையைக் குனிந்தார். அவர் குனிந்த அந்த நேரத்தில் நான் பேசிவிட்டேன்.

"அவனுக்கு ஏற்கெனவே சுகர் இருக்கு டாக்டர்."

தம்பி முந்திக்கொண்டான். "இவங்க லேப்ல ஏதோ மருந்து கண்டுபிடிக்கிறாங்க. அது என்னமோ சிவப்பா எரிஞ்சுதாம். இன்னும் சரியா வேலையே செய்யாத மருந்து, அவங்களே சொன்னாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "லேப்ல பாத்ததை நான் கணக்குல எடுக்க முடியாது. அதை விடுங்க. நான் கேட்டதுக்கு மட்டும் என்னைப் பாத்துச் சொல்லுங்க. யாராவது எப்பவாவது சொன்னாங்களா?"

அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அக்கா நிமிரவில்லை. அவன் உதடு கோணியது. பெரிய ஆண்பிள்ளை, தினமும் நடுங்கும் ஆட்களைப் போக்குவரத்துக்கு நடுவே தைரியம் சொல்லி ஓட்டிச் செல்கிறவன், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். வேறு பதில் தேவைப்படவில்லை.

"நாளைக்கு ஆபரேஷன் இல்ல" என்றார் டாக்டர். பிறகு அவனிடம், "நீங்க நல்ல நேரத்துல மாட்டிக்கிட்டீங்க. உங்க சுகரை இப்பவே ஒழுங்கா கவனிச்சா ரெண்டு கிட்னியையும் காப்பாத்தலாம். அது சின்ன விஷயம் இல்ல" என்றார்.

"எனக்கு ரெண்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். கதவை அடித்துச் சாத்தினான். அப்படிச் செய்யக்கூடியவன் என்றே எனக்குத் தெரியாது.

அக்காவை டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்துப் போகும் வழியில் ஃபோன் அடித்தது. கண்ணாடி அண்ணன். அந்த நல்லபிள்ளையைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

"அவங்களுக்கு சுகர் இருந்திருக்கு அண்ணே. மறைச்சிருக்காங்க" என்றேன்.

"அப்போ திரி தப்புப் பண்ணலயா? சார், நம்ம திரி தப்புப் பண்ணல சார்" என்று அவர் பக்கத்தில் யாருக்கோ சொல்வதும், பெரியவர் சத்தமாகச் சிரிப்பதும், யாரோ மேஜையைத் தட்டுவதும் கேட்டது. "மிளகாய், ஏன் சத்தத்தையே காணோம்? சந்தோஷப்படும்மா" என்றார். ஒரு குப்பியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, வேலையைப் பாருங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இயந்திரத்தைத் தயார் செய்ய நர்ஸ் இன்னும் வரவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றே இருந்தது. தலையணையைச் சரிசெய்தேன், கால் போர்வையை இழுத்துவிட்டேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இழுத்துவிட்டேன்.

"போதும், உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். "என்னை மன்னிச்சிடுக்கா. எனக்கு வேற வழி தெரியல."

"நீ சொல்லலன்னா நான் அவன் கிட்னியை வாங்கியிருப்பேன்."

"உனக்கு என்னக்கா தெரியும்? தெரிஞ்சிருந்தா நீயே வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

நான் அவளையே பார்த்தேன்.

"இத்தனை வருஷமா சுகரோட குடும்பம் நடத்தறவ நான்" என்றாள் அக்கா. "அவன் எங்க வீட்டுல வந்து தங்கினானே, ஞாபகம் இருக்கா? ராத்திரி எத்தனை தடவை எழுந்து போவான். திரும்பி வந்து பாட்டில் தண்ணியை அப்படியே கவுத்துக் குடிப்பான். நான் முழிச்சுத்தான் படுத்திருந்தேன். எனக்கு ஆரம்பிச்சதும் அப்படித்தான்டி. அப்பவே புரிஞ்சு போச்சு. காலையில கேக்கலாம்னு நெனச்சேன், கேக்கல. அப்புறம் டாக்டரே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு என்னன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்."

"அக்கா."

"எனக்கு சாகப் பயமா இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்தேன், ஊசித் தழும்பு படாத இடமாகப் பார்த்து. அவள் விலக்கிக்கொள்ளவும் இல்லை, திரும்பிப் பிடிக்கவும் இல்லை.

"அவன் எங்கே போயிருப்பான்?" என்று கேட்டாள்.

"கீழேதான் எங்கேயாவது இருப்பான். கோவம் ஆறினதும் வந்துடுவான். கூட்டிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இப்போ வந்து, டாக்டர் கிடக்கறாங்க, வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நீ எடுத்துக்கோன்னு சொன்னான்னா, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவனை இந்தப் பக்கம் விடாதே."